கோச்சடைப் பேரீச்சை

கோச்சடை, மதுரை
11.1.2023

தம்பி தனிஸ்லாசுக்கு,

புனித பூமிக்குப் போய்விட்டுக் கை கால் முழுசாகத் திரும்பி வந்துவிட்டாய், ஆண்டவருக்கு நன்றி. ஒட்டகத்தில் ஏறி இடுப்புப் பிடித்துக்கொண்டதாக என் பிள்ளை ஜினோ சொன்னான். அறுபது வயதில் ஒட்டகம் எதற்கு? எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்று. உன் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா? எனக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மாடி அறைக்குள் நடக்கிறேன். காது பழைய காதுதான். போனில் நீ கத்துவதும் நான் "ஆங்?" என்பதும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் பயன்படுகிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

நேற்று உங்கள் ஊர் அழகுபாண்டி வந்து தன் வண்டியில் செடியை ஏற்றிக்கொண்டு போனான். மாதா சிலை இருக்கிற குகைக் கெபிக்கு முன்னால் வைக்க ஏதாவது கொடு என்று நீ கேட்டு வருஷமாகிறது, கொடுத்துவிட்டேன். இங்கே வாசலில் ஜினோ கார் நிறுத்தச் சிமெண்ட் போடுகிறான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. அது பனையோ ஈச்சையோ இல்லை, சைகஸ். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி பக்கக் கன்று ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தபோது அதற்கு வேரும் கிடையாது, இலையும் கிடையாது, பெரிய வெங்காயம் போல இருந்தது. பெயிண்ட் வாளியில் ஆற்றுமணலைப் போட்டு வைத்தேன். "செத்த கிழங்குக்குத் தண்ணி ஊத்துறவ நீ ஒருத்திதான்" என்று உன் மச்சான் சாகிற வரைக்கும் கேலி செய்தார். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியாது. பூவுக்குப் பதிலாக உச்சியில் ஒரு கூம்பு விட்டால்தான் தெரியும், அதற்கு இன்னும் எத்தனை வருஷமோ.

தண்ணீர் தேங்கக் கூடாது. தினமும் ஊற்றக் கூடாது. இலையை யாரும் வெட்டக் கூடாது. புதுக்குருத்து விடும்போது கையால் தொடக் கூடாது. பெயர் எழுதி ஒரு போர்டு வை, இல்லாவிட்டால் வருகிறவன் போகிறவன் எல்லாம் பனை என்பான். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா
ஆனிமேரி


சவரிமுத்துபட்டி
திருமங்கலம் வழி
2.2.2023

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது,

இங்கே எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடுகிறோம். உன் முட்டி சீக்கிரம் மடங்கி நிமிர வேண்டுமென்று தினம் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறேன். இடுப்பு தேவலை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஜெருசலேம் போய்வந்த ஆள் என்று வீட்டுக்குத் தினமும் கூட்டம். கொண்டுவந்த செபமாலையெல்லாம் இரண்டே நாளில் தீர்ந்துபோய், கிடைக்காதவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

செடியை வைத்தாயிற்று அக்கா. கெபிக்கு நேர் எதிரே, காலை வெயில் படுகிற இடம். பங்குச்சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். நீ பார்த்திருக்க வேண்டும்! ஊரே வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நம் மதத்தார் மட்டுமில்லை, எல்லாரும் வந்தார்கள். செடியைச் சுற்றி வட்டமாக மார்பிள் பதிக்க நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். நீ கொடுத்த செடிக்கு ஊரில் இருக்கிற மரியாதை பெரிய மரியாதை. போர்டு எழுதவும் ஆளுக்குச் சொல்லிவிட்டேன்.

ஜினோவுக்கு என் அன்பு. தோட்டத்து மொச்சை கொஞ்சம் கொடுத்துவிடுகிறேன்.

உன் தம்பி
தனிஸ்லாஸ்


கோச்சடை
14.2.2023

தனிஸ்,

மொச்சை வந்தது, பூச்சி இல்லாமல் இருந்தது. வாக்கரை விட்டுவிட்டுக் குச்சிக்கு வந்துவிட்டேன். மாடிப்படி மட்டும் இன்னும் நாலு மாதத்துக்குக் கூடாதாம். உன் வீட்டுக்காரியை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

செடி ஊன்றிவிட்டது என்றதில் சந்தோஷம். ஆனால் மார்பிள் யாரைக் கேட்டுப் பதிக்கிறாய்? சித்திரை வெயிலில் மார்பிள் சுட்டால் வேர் வெந்துபோகும். இதன் வேர் சிலது மண்ணுக்கு மேலே பவளக்கொத்து மாதிரி எட்டிப் பார்க்கும், அதற்குக் காற்று வேண்டும். மூடாதே.

இன்னொன்று. ஊரே வந்து தொட்டுப் பார்த்தது என்று எழுதியிருக்கிறாய். ஒரு செடியைப் பார்க்க ஊர் எதற்காக வருகிறது? நம் ஊர்க்காரர்கள் வேப்பமரத்தில் மாங்காய் காய்த்தால்கூட நின்று பார்க்காதவர்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறாய்? அதை மட்டும் மறக்காமல் பதில் எழுது.

ஆனிமேரி


சவரிமுத்துபட்டி
9.4.2023, உயிர்ப்பு ஞாயிறு

அக்காவுக்கும் ஜினோவுக்கும் பாஸ்கா வாழ்த்துகள்!

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று திட்டுவாய். தவக்காலத்தில் கோயிலை நடத்துகிற பங்குப் பேரவை வேலை தலைக்கு மேல். என்னை உபதலைவர் ஆக்கியிருக்கிறார்கள். குருத்தோலை ஞாயிறு பவனி இந்த வருஷம் போல எந்த வருஷமும் நடந்ததில்லை என்று பக்கத்துப் பங்குக்காரர்களே சொன்னார்கள். பெரிய வெள்ளிக்கிழமை கஞ்சி இரண்டு அண்டா. நேற்று நள்ளிரவுப் பூசையில் பாஸ்கா திரி அணையாமல் நின்றது. மூன்று ஆட்டுக்கறி சொல்லியிருந்தோம், அதுவும் பத்தவில்லை.

உன் முட்டி எப்படி? இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் வீட்டில் ஏ.சி. போட்டுவிட்டார்களாமே, நல்லது.

செடி நலம்.

தம்பி
தனிஸ்லாஸ்


கோச்சடை
15.4.2023

தனிஸ்லாஸ்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. என்னுடைய பழைய மாணவி ஜெனிஷா உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள், அது உனக்கு மறந்துவிட்டது போல. அவள் ஜினோவின் போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறாள். "டீச்சர், இது உங்க வீட்டுச் செடி மாதிரியே இருக்கு, ஆனா என்னமோ எழுதியிருக்காங்க" என்று.

செடி நலம் என்று எழுதினாயே, அது மொட்டையாக நிற்கிறது! ஒரு இலை இல்லை. நாற்பது ஐம்பது இலை விரித்துக்கொண்டு போன செடி, அன்னாசிப்பழத்தைத் தலைகீழாக நட்டது மாதிரி நிற்கிறது. சுற்றிலும் மெழுகு உருகி உறைந்து கிடக்கிறது. அதற்கு மேலே மார்பிள் பலகை. படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். "புனித பூமியிலிருந்து கொண்டுவரப்பட்ட பேரீச்ச மரம். உபயம்: தனிஸ்லாஸ் குடும்பத்தார்."

உனக்கு வெட்கமாக இல்லையா? குருத்தோலைக்குத் தென்னையா இல்லை அந்த ஊரில்? பீடத்துக்கு, பேரவைக்காரர்களுக்கு, பெரிய வீடுகளுக்கு என்று ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அதுதான் எந்த வருஷமும் நடக்காத பவனியோ?

முப்பத்திரண்டு வருஷம் பிளஸ் ஒன் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைத்தான் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன், என் கூடப் பிறந்தவனுக்குக் காட்டாமல் விட்டுவிட்டேன். இப்போது கேள். பேரீச்சை ஓலையின் சிற்றிலை மேல்பக்கமாகக் கால்வாய் மாதிரி மடிந்திருக்கும். இதன் சிற்றிலை ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும், நடுவில் ஒரே நரம்புதான். பேரீச்சைக் குருத்து ஈட்டி மாதிரி வரும். இதன் குருத்து பிள்ளையின் விரல் மாதிரி சுருண்டு வந்து பிறகு விரியும். பேரீச்சை பூக்கும், இது பூக்கவே பூக்காது. பனைக்கும் பேரீச்சைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பைன் மரத்தைச் சொந்தம் என்றாலும் ஒத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் தெரியாதவனை மன்னிக்கலாம். கோச்சடையில் என் வாசலில் பார்த்த செடி எது என்று உனக்குத் தெரியாதா? யார் சொன்னது பேரீச்சை என்று? யார் சொன்னது புனித பூமி என்று? இரண்டு கேள்விக்கும் பதில் வரவில்லை என்றால் பங்குச்சாமியாருக்கு நானே எழுதுவேன்.

ஆனிமேரி


சவரிமுத்துபட்டி
30.4.2023

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை படிக்கத் தைரியமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், கோபத்தில் பிரஷர் ஏறிவிடப் போகிறது.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன். செடியை வண்டியிலிருந்து இறக்கும்போது மாயக்காள் அங்கே நின்றாள். உனக்குத் தெரியும், நம் மதம் இல்லாவிட்டாலும் மாதாவுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி வைக்கிறவள். இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏசு பொறந்த ஊருல இருந்தாண்ணே கொண்டாந்தீக?" என்று கேட்டாள். சுற்றி ஆட்கள் நின்றார்கள். செபமாலை கிடைக்காதவர்கள் எல்லாம் நின்றார்கள். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர்களாகச் சேர்த்துக்கொண்டது. பேரீச்சை என்றது சாமியார். பலகைக்கு வாசகம் எழுதியது பேரவை. நான் காசு மட்டும்தான் கொடுத்தேன்.

இலையை வெட்டவேண்டாம் என்றுதான் சொன்னேன். உபதலைவராக ஆன அன்றே எதிர்த்துப் பேசினால் நன்றாகவா இருக்கும்? வெட்டிய முடி வளராதா அக்கா? அதுபோல வளர்ந்துவிடும்.

சாமியாருக்கு மட்டும் எழுதாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். நான் ஊரில் யார் முகத்தில் விழிப்பேன்?

தம்பி
தனிஸ்லாஸ்


கோச்சடை
8.5.2023

தனிஸ்,

என் பிரஷர் நன்றாகத்தான் இருக்கிறது. உன் "ம்" இருக்கிறதே, அது ஒரு பெரிய பொய்யைவிட மோசம். பொய் சொல்கிறவனாவது வாயைத் திறக்கிறான்.

சாமியாருக்கு இப்போது எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்காதே, நீ என் தம்பியாகப் பிறந்த குற்றத்துக்காக. மாதக் கடைசியில் வருகிற பெந்தெகோஸ்துத் திருநாளுக்குள் நீயே பூசை முடிந்து எழுந்து சொல்லவேண்டும்: இது சைகஸ், கோச்சடையில் என் அக்கா வளர்த்தது. பலகையைக் கழற்று. மார்பிளையும் பேர்த்து எடு. அடியில் மண் ஈரமாக இருந்தால் தண்ணீரை உடனே நிறுத்து. தண்டை அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், பதில் எழுது.

உன் வீட்டுக்காரிக்கு என்னால் வருத்தம் வேண்டாம். அவளை நான் விசாரித்ததாகச் சொல்.

ஆனிமேரி


சவரிமுத்துபட்டி
3.6.2023

அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். பெந்தெகோஸ்து அன்று சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் ஜூன் மாத பக்தி முயற்சி பற்றி அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதை விடு, இப்போது வேறு ஒரு பிரச்சினை.

செடி சாகவில்லை. அதன் நட்டநடுவிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது. ஒரு வாரத்துக்கு முன்னால் கைமுஷ்டி அளவுதான் இருந்தது. இப்போது முழ உயரம். மக்காச்சோளக் கதிர் மாதிரி, பழுப்பு மஞ்சள் நிறத்தில், மேலெல்லாம் வெல்வெட் மாதிரி பஞ்சு, நெட்டுக்குத்தலாக நிற்கிறது. கொஞ்சம் வாசமும் வருகிறது. பேரீச்சங்குலை தொங்கத்தானே செய்யும் என்று சாமியார் கேட்கிறார். நான் என்ன சொல்ல?

அதோடு ஒரு அசிங்கமும் சேர்ந்துகொண்டது. சந்தைக்கு வந்த நாட்டுமருந்துக்காரன் ஒருவன் பார்த்துவிட்டு, "அட, இது மதனகாமப்பூல்ல! புதுமாப்பிள்ளைக்குப் பாலுல கலந்து குடுக்கிறது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து செபமாலைக்கு வருகிற பெண்கள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். வாலிபப் பயல்கள் கெபியைச் சுற்றியே நிற்கிறார்கள். பேரவையில் ஒரே சத்தம். மாதாவுக்கு முன்னால் இப்படி ஒன்று நிற்கலாமா என்கிறார்கள். இது என்ன அக்கா? சீக்கிரம் எழுது.

தனிஸ்லாஸ்


கோச்சடை
6.6.2023

என் அன்புத் தம்பி,

நீ நல்லா இருப்பாய்! உன் குடும்பம் நல்லா இருக்கும்! உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன். ஜினோ என்னமோ ஏதோ என்று ஓடி வந்தான்.

அது கூம்பு தம்பி. ஆண் கூம்பு! பெண்ணாக இருந்தால் உயரமாக எழும்பாது, முட்டைக்கோஸ் மாதிரி உருண்டையாக விரிந்து உட்கார்ந்திருக்கும். பத்தொன்பது வருஷமாக நான் இதைப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், காரணமே இல்லாமல். தினம் காலையில் பல் துலக்கியதும் உச்சியை எட்டிப் பார்ப்பேன். "என்னடி, இன்னைக்காவது வாயைத் தொறப்பியா?" என்று கேட்பேன். பயல் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறான்.

உன் மேல் உள்ள கோபத்தைத் தள்ளி வைக்கிறேன். நான் கேட்பதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் எழுது. செதில்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, விலக ஆரம்பித்துவிட்டனவா? தட்டினால் மாவு மாதிரி தூள் விழுகிறதா? வாசம் காலையில் அதிகமா, மாலையிலா? பூச்சிகள் வருகின்றனவா? ஒரு படம் எடுத்து ஜினோவுக்கு அனுப்பு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடு.

மருந்துக்காரன் சொன்னது தப்பு. அவன் சொல்கிற மதனகாமப்பூ மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் வளர்கிற வேறு இனத்தின் கூம்பு. இது அதன் பங்காளி, அது இல்லை. யாராவது இதைப் பறித்துப் பாலில் அரைத்துக் குடித்தால் மாப்பிள்ளைக்கு ஈரல்தான் கெட்டுப்போகும். இதில் நஞ்சு உண்டு. மைக்கில் அறிவித்துவிடு.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மாதாவுக்கு இதில் என்ன கோபம் வந்துவிடப் போகிறது? எல்லாம் அவள் மகனுடைய தகப்பன் படைத்ததுதான். டாக்டர் மாதக் கடைசியில் படியிறங்கலாம் என்றிருக்கிறார். இறங்கியதும் முதல் வேலையாக வாரேன். அதுவரை யாரும் தொடக்கூடாது. நான் ஒருதடவை கண்ணால் பார்க்க வேண்டும் தனிஸ். அது போதும்.

அக்கா
ஆனிமேரி


சவரிமுத்துபட்டி
27.6.2023

அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாள் தள்ளிப்போனது. கூம்பு இல்லை. உன் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிறே பேரவை கூடித் தீர்மானம் போட்டு, ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டார்கள். உபதலைவர் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். படமும் எடுக்கவில்லை. அறுத்ததை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், யார் என்று விசாரித்தும் தெரியவில்லை. நஞ்சு என்று மைக்கில் சொல்லிவிட்டேன்.

நீ என்ன திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். திட்டு. ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஜனவரியிலிருந்து நான், சாமியார், பேரவை, மருந்துக்காரன் என்று எல்லாரையும் கிழிகிழி என்று கிழிக்கிறாய். செடி உன் வாசலை விட்டு ஏன் வந்தது? உன் மகன் சிமெண்ட் போடுகிறேன் என்றபோது நீ என்ன சொன்னாய்? "அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை" என்று எழுதினாய். வீடு உன் பெயரில் இருக்கிறது, பென்ஷன் உன் பெயரில் வருகிறது. அவனிடம் ஒரு வார்த்தை பேச உனக்கு வாய் வரவில்லை. நான் போட்டது ஒரு "ம்" அக்கா. நீ அதைக்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாய்.

இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. உன் முட்டிக்கு ஆண்டவர் துணை.

தனிஸ்லாஸ்


கோச்சடை
26.7.2023

தனிஸ்லாசுக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. முட்டிக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எழுத உட்கார்ந்த போதெல்லாம் உன்னைக் காறித் துப்புகிற வார்த்தைதான் வந்தது. உனக்குச் சொல்ல உரிமையில்லை என்று நினைத்தேன். அப்புறம் நீ எழுதியது உண்மை என்பதால்தான் இம்புட்டு எரிகிறது என்று தெரிந்துகொண்டேன்.

சிமெண்ட் போட்ட அன்று நான் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். மகன் வீட்டில் காது கேட்காத கிழவி எதற்கு வாயைத் திறப்பானேன் என்று நின்றேன். என் வீட்டையே நான் மகன் வீடு என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன், அதுதான் அசிங்கம். போன வாரம் ஜினோவிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போய்விட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா? நீங்களா குடுக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றான். எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. கேட்டிருக்கலாம் அல்லவா அவன்? ஒரு வார்த்தை கேட்டால் என்ன தேய்ந்துபோகிறது?

நேற்று லீவு போட்டு என்னைக் காரில் கூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்தான். நீ திருமங்கலம் போயிருந்தாய். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் வீட்டுக்காரியிடம் நான்தான் சொன்னேன், அவளைக் கோபிக்காதே.

கெபியில் மாயக்காள் மெழுகுதிரி வைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு வந்து கையைப் பிடித்தாள். நான் எடுத்த எடுப்பில், "இது பேரீச்சையும் இல்லை, ஜெருசலேமிலிருந்து வரவும் இல்லை, நான் வளர்த்த செடி" என்று சத்தம் போட்டேன். அவள் என் காதருகே வந்து நிதானமாகச் சொன்னாள்: "அது எங்களுக்குத் தெரியாதாக்கும்? ஏத்தியாந்த வண்டிக்காரன் எம் மகன்தானத்தா? கோச்சடையில இருந்து வந்துச்சுன்னு அன்னைக்குப் பொழுதடையிறதுக்குள்ள ஊருக்கே தெரியும்."

அழகுபாண்டி என்று ஒருத்தன் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான் என்பது உன் புத்தியிலேயே இல்லை, பார்த்தாயா? ஆறு மாதமாக நீ யாருக்குப் பயந்துகொண்டு கிடந்தாயோ அவர்கள் எல்லாருக்கும் தெரியும். பங்குச்சாமியார் ஒருத்தர்தான் நம்பியிருக்கிறார் போலிருக்கிறது.

"பெறகு எதுக்குச் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அம்புட்டுத் தொலவு போயிட்டு வெறுங்கையா வந்து நிக்கிறாரு. ஆசைக்கு ஒண்ணு சொல்லிட்டாரு, போகட்டும்னு விட்டோம். மாதா பக்கத்துல நிக்கிற செடி எங்கிட்டிருந்து வந்தா என்ன, கும்பிட்டுக்கிட்டோம்."

"என் செடின்னு தெரிஞ்சுக்கிட்டேவா இலையை வெட்டுனீங்க? தெரிஞ்சுக்கிட்டேவா கூம்பை அறுத்தீங்க?" என்று கத்தினேன். ஜினோ என் தோளைப் பிடித்தான்.

மாயக்காள் கோபப்படவில்லை. "வளத்தவுகளே வண்டி ஏத்தி அனுப்பிட்டாக, வேணாம்னுதான அனுப்பிருப்பாகன்னு நெனச்சோம்த்தா. வேணும்ங்கிறவுக ஒரு நா வந்து எட்டிப் பாத்திருப்பாகல்ல" என்றாள்.

அதற்கு முட்டியைச் சொல்லலாம். ஆனால் சிமெண்ட்காரன் வந்த அன்று முட்டியா பேச வேண்டியிருந்தது, மாடியில் நின்றபடியே ஜினோவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

கீழே உட்கார முடியவில்லை, ஜினோதான் தண்டை அமுக்கிப் பார்த்தான். கல் மாதிரி இருக்கிறது. அறுத்த இடம் காய்ந்து கறுத்திருக்கிறது, அதன் பக்கவாட்டில் ஒரு முளை தடித்திருக்கிறது. மார்பிளுக்கு அடியில் மண் நசநசவென்று ஈரம். "வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருவோம்மா, நான் சிமெண்ட்ட ஒடைக்கச் சொல்றேன்" என்றான் ஜினோ. வேண்டாம் என்றேன். இலையும் இல்லாமல் கூம்பும் அறுபட்டு நிற்கிற செடியை இன்னொரு தடவை வேரோடு பிடுங்கினால் பிழைக்காது. அதை நகர்த்தக் கூடாது. நகரக் கூடியவள் நான்தான்.

ஆகவே எழுதுகிறேன். அந்த ஊரின் மேல் எனக்கு எந்த ஆசையும் கிடையாது, கல்யாணமான அன்று பஸ் ஏறியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே கொசு அதிகம், ஒலிபெருக்கி அதிகம், எல்லாருக்கும் எல்லார் விஷயமும் தெரிந்திருக்கிறது. ஆனால் நம் அப்பா மேற்கு அறையை எனக்கென்று எழுதி வைத்திருக்கிறார். இருபது வருஷமாக நீ அதில் உர மூட்டை அடுக்கி வைத்திருக்கிறாய், நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். மூட்டைகளை எடு. வெள்ளையடி. கட்டிலை ஜன்னல் பக்கம் போடு, அங்கிருந்து பார்த்தால் கெபி தெரியும் என்று உன் வீட்டுக்காரியிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். ஜினோ வாரா வாரம் வந்து பார்ப்பேன் என்கிறான், பார்க்கலாம்.

நான் வருவதற்குள் பலகையை நீயே உன் கையால் கழற்றியிருக்க வேண்டும். சாமியாரிடம் நீயே சொல்லியிருக்க வேண்டும். மார்பிளை நான் வந்து பேர்த்துக்கொள்கிறேன், உங்களிடம் விட்டால் வேரையும் சேர்த்துப் பேர்த்துவிடுவீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாரேன். உன் மேல் உள்ள கோபம் இன்னும் கொஞ்சமும் குறையவில்லை தனிஸ், அதையும் கூட்டிக்கொண்டுதான் வாரேன்.

அக்கா
ஆனிமேரி